உதறாத போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு மெர்லின் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?

லீவுக்கு இங்கே நியூசிலாந்தில் ஒரு கடலோரத் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கினோம். பயப்படாதே. நாங்கள் நடந்துவிட்டு வருவதற்குள் அலை உள்ளே வந்து துணிகளை மட்டும்தான் நனைத்திருந்தது. அலசி, உன்னைப்போலவே உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட்டேன்.

கூட வந்த வான்மதி, "எதுக்குடி திருப்புற?" என்றாள்.

"சாம்பல் படியும்ல?"

"இங்க ஏதுடி அனல்மின் நிலையம், சாம்பல் பறக்க? நீ இன்னும் நெய்வேலியிலதான் இருக்கியா?"

இருவரும் சிரித்தோம். எடுக்கும்போது பழக்கத்தில் உதறினேன். ஒன்றும் விழவில்லை.

சித்தப்பா வரும்போது மிளகாய்த்தூளும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு, கொடியிலிருந்து எடுத்து அப்படியே மடித்துக் கொடு. உதறாதே.

மெர்லின்