நறுவீயின் செம்பு வளையும் நான் போர்த்திய பட்டும்

மாரி பொய்யாதாக; மதகு உடையாதாக; வேலாழி மாநகரின் மாடங்களில் ஏற்றிய விளக்கு அவியாதாக.

பெருந்தேவியார் இளவெயினியாரின் ஆட்சியாண்டு பதினொன்று, மாசித் திங்கள் பத்தொன்பதாம் நாள். நால்வாயில் அமைச்சரும் திருமுகம் காக்கும் ஓலைநாயகமுமாகிய எழினியாதனார் திருமுன், அரண்மனைக் கல்விச்சாலையில் முப்பத்தோர் யாண்டு தலையாசிரியனாய் இருந்து ஓய்ந்த நெடுஞ்சேந்தன் எழுதி விடுக்கும் ஓலை. எனக்கு ஒரு குறை உண்டு. அதை அணி கூட்டாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அமர்ந்திருந்த இருக்கையில் மூன்று யாண்டுகளாக வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவர் என்னினும் நன்றாகக் கற்பிக்கிறார் என்று நகரம் சொல்கிறது. அதை என்னால் பொறுக்க இயலவில்லை.

தாங்கள் எட்டு நாளுக்கு முன் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. துறைமுகத்தார் செப்பம் செய்ய அனுப்பிய புயல்கணிக்கும் பொறியின் நினைவுப் பலகை, கணிப்பொறிச் செப்பச் சாலையில் இறந்துபட்டது என்றும், என் இருக்கையில் இப்போது அமர்ந்து அச்சாலையை நடத்தும் ஆசிரியை நறுவீயார் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்றும், அவரை நீக்கும் ஆணை எழுதி முடிந்து இலச்சினைக்குக் காத்திருக்கிறது என்றும், அன்று அங்கிருந்த மூத்தோன் என்ற முறையில் நான் ஆராய்ந்து ஒரு வரி சான்று எழுதினால் இலச்சினை விழும் என்றும், அதன்பின் அவ்விருக்கை மீண்டும் எனக்கே என்றும் அதில் கண்டிருந்தது. அதை ஏழு முறை படித்தேன். ஏழு முறையும் மகிழ்ந்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நறுவீயார் யார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் ஓலை பிறர் கைக்கும் போகும் ஆதலின் எழுதுகிறேன். அவர் பேரேரியின் மதகுக் காவலர் குடியில் பிறந்தவர். நூற்பா ஒன்றும் மனப்பாடம் இல்லாதவர். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் அவருக்கு ஒன்றே. நானோ 'மின்னியல் நூறு' யாத்தவன். 'அழுத்தம் ஓட்டம் தடையென மூன்றும், பழுத்த மின்னின் பண்பெனப் படுமே' என்னும் என் முதல் நூற்பாவை ஓதாமல் இந்நாட்டில் எவரும் பொறியின் மூடியைத் திறந்ததில்லை. என் மாணவர் நூறு நூற்பாவையும் ஒரு பிழையின்றி ஓதுவர். பொறி ஏன் உயிர்க்கவில்லை என்று கேட்டால், மீண்டும் முதல் நூற்பாவிலிருந்து ஓதத் தொடங்குவர். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மாசித் திங்கள் நான்காம் நாள், உச்சிப்பொழுதுக்கு முன், நான் அச்சாலைக்குச் சென்றேன். குறை காணவே சென்றேன். பெருந்தேவியார் என் முப்பதாம் ஆசிரிய யாண்டில் தம் கையால் போர்த்திய பட்டைப் போர்த்துச் சென்றேன். மேல்காற்று வறண்டு வீசிய நாள். சாலையின் நடையில் விரித்திருந்த கம்பளி விரிப்பின்மீது, பட்டின் நுனி பின்னே இழைய, நெடுந்தொலைவு மெல்ல நடந்தேன். இச்சிறு செய்தியைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உள்ளே நறுவீயார் சுவர்மேல் ஒரு குடத்தை வைத்து, அதன் அடியில் மூங்கிற் குழாய் செருகி, நீரை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தார். குடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே மின்னழுத்தம் என்றும், குழாயில் நொடிதோறும் எவ்வளவு நீர் போகிறதோ அதுவே மின்னோட்டம் என்றும், குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அதுவே மின்தடை என்றும் சொன்னார். குடத்தை உயர்த்தினார், நீர் விரைந்தது. குழாயில் துணி திணித்தார், நீர் சுருங்கியது. அழுத்தம் பன்னிரண்டு அலகும் தடை நான்கு அலகும் ஆயின் ஓட்டம் எவ்வளவு என்று வினவினார். படகோட்டியாய் இருந்து நாற்பதாம் அகவையில் மாணாக்கனான அழிசி என்பான், விரல் மடக்கி, மூன்று என்றான். என் நூலில் அக்கணக்குக்குப் பதினொரு நூற்பா உண்டு. அவன் ஒன்றும் ஓதவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது.

பின்னர், காற்றாலைக் குன்றிலிருந்து கம்பியில் வரும் மின் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடுவது என்றும், பொறியின் பலகைகளோ ஆற்றுநீர்போல் ஒரே திசையில் செல்லும் மின்னையே உண்பன என்றும், இடையில் நிற்கும் மின்வழங்கிப் பெட்டியே ஆட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தைத் தாழ்த்தி, பலகைக்குப் பிசைந்து ஊட்டும் செவிலி என்றும் விளக்கினார். அப்பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது என்றார்; அதன் மின்தேக்கிகள், மதகை அடைத்த பின்னும் வயலில் நிற்கும் நீர்போல், கம்பியைப் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும் அளவு மின்னைத் தாங்கி நிற்கும் என்றார். இக்கருத்து என் நூலில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அச்சாலையின் வழக்கம் ஒன்று உண்டு. பலகையைத் தொடும் எவரும் மணிக்கட்டில் செம்பு வளை பூட்டிக்கொள்ள வேண்டும். வளையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மண்ணில் புதைத்த செப்புத் தகட்டுக்குச் செல்லும். எனக்கும் ஒன்றை நீட்டினர். நம் நாட்டில் மணிக்கட்டில் கம்பியோடு நடப்பவர் எவர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சிறைச்சாலையில் அவர்களைக் காணலாம். அரசியார் பட்டுக்குக் கீழே விலங்கா என்று சினந்தேன். அதற்கு அவர்கள் சொன்னவற்றை, பிழைகளோடே, சொன்னபடியே எழுதுகிறேன். திருத்தினால் சான்று கெடும்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. வளைய மாட்டிக்குங்க. இல்லன்னா தூரத்துல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க, அதுவும் பொறிக்கு மரியாதைதான்" என்றான் அழிசி. மாணாக்கர் சிரித்தனர்.

நறுவீயார் சிரிக்கவில்லை. "ஐயா, இது விலங்கு இல்லீங்க. உங்க ஒடம்புல தேங்குனத மண்ணுக்கு வடிக்கிற மடை. நமக்கு ஒண்ணும் தெரியாது, பலகைதான் செத்துப்போகும். இந்த வளை உங்க கைக்குச் சின்னதா இருக்கு, வேற எடுத்தாரேன். அதுவரைக்கும் தொட்றாதீங்க" என்று சொல்லி, உள்ளறைக்குச் சென்றார்.

அவர் திரும்புவதற்குள் நான் தொட்டேன். புயல்பொறி திறந்து கிடந்தது. அதன் நினைவுப் பலகையின் உறுப்புகளுக்கு என் நூல் வகுத்த பெயர்களை அழிசிக்குக் காட்டவேண்டும் என்று, அதை விரலால் பற்றி உருவி, உயர்த்திக் காட்டி, மீண்டும் செருகினேன். விரல்நுனியில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சிறு சுருக்கு. அவ்வளவே. வளையோடு வந்த நறுவீயார் என் கையையும் பொறியையும் பார்த்தார். மாலையில் பொறிக்கு மின் ஊட்டியபோது அது கணிக்கவில்லை; மூன்று முறை நீளக் கத்தி அடங்கியது என்று கேள்விப்பட்டேன். இத்துறைக்கு இன்னும் புயல்நாள் சொல்வார் இல்லை. வலைஞர் வானத்தைப் பார்த்தே கடல் புகுகின்றனர்.

தங்கள் ஓலை வந்ததும் ஆராயப் புறப்பட்டேன். நறுவீயாரின் பிழையைத் தேடியே புறப்பட்டேன் என்பதைக் குறித்துக்கொள்க. முதலில் சுவர்க்கம்பியின் அழுத்தத்தை மின்னளவியால் அளந்தேன். மிகுந்திருந்தால் அவர் பிழை. மிகவில்லை. மின்வழங்கிப் பெட்டியின் வாய்கள் மூன்றையும் அளந்தேன். பன்னிரண்டு, ஐந்து, மூன்றும் சிறிதும் என, இருக்க வேண்டியபடியே இருந்தன. மண்ணில் புதைத்த தகடு களிம்பேறி அறுந்திருக்கும் என்று ஆவலோடு தோண்டச் சொன்னேன். புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. மாணாக்கர் வளைகளை ஒவ்வொன்றாய்த் தகட்டோடு சேர்த்து அளந்தேன். ஒரு கம்பியும் அறவில்லை. ஒவ்வோர் அளவையிலும் என் நம்பிக்கை ஒரு படி இறங்கியது. ஈற்றில், அயல்துறையில் உள்ள அதே வகைப் பொறியிலிருந்து நல்ல நினைவுப் பலகையை இரவல் பெற்று, நோயுற்ற பொறியில் செருகினேன், பொறி உயிர்த்தது. ஆதலின் அழுத்தத்தால் கெட்டதன்று, பெட்டியால் கெட்டதன்று, பலகை தொடுகையால் இறந்தது. இரவல் பலகையைத் திருப்பித் தந்துவிட்டேன். அன்று அப்பலகையைத் தொட்டோர் நால்வர். மூவர் கையில் வளை இருந்தது.

அப்பொழுதும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, சாளரங்களை அடைத்து, நடையில் கம்பளி விரித்து, பட்டைப் போர்த்து, அன்று நடந்தபடியே நடந்தேன். பட்டைக் கழற்றினேன். உலர்ந்த சருகு நொறுங்குவதுபோல் ஓசை எழுந்தது. இருட்டில் மின்மினிபோல் நீலப் பொறிகள் தெறித்தன. என் முன்கை மயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. உராய்வினால் தோன்றி, போக வழியின்றி உடம்பில் தேங்கி நிற்கும் மின் அது. நம் தோல் உணரும் அளவில் நூறில் ஒரு பங்கும் பலகையைக் கொல்லப் போதும் என்று நறுவீயாரின் மாணாக்கர் எல்லாரும் அறிவர். நான் உணர்ந்தேன், எனவே அது இறந்தது. இருக்கைக்கு ஆசைப்பட்டவன் கையாலேயே இருக்கையின் வழக்கு முடிந்தது.

நறுவீயார் அறிந்திருந்தும் என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க நேற்று முன்தினம் அவர் மனைக்குச் சென்றேன். "ஐயா, என் சாலையில நடந்தது. வளைய நான் மொதல்லயே சரியான அளவுல வெச்சிருக்கணும்" என்றார். மதகு உடைந்தால் காவலரே பொறுப்பு என்பது அக்குடியின் வழக்காம். ஆடு மேய்த்தவன் கரையைக் கிளறினான் என்று அவர்கள் சொல்வதில்லையாம். ஓலைநாயகமே, அவர் என்னைப் பழித்திருந்தால் நான் வாதிட்டிருப்பேன், வென்றும் இருப்பேன். பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டார்.

ஆகவே என் சான்று இது: பலகையைக் கொன்றவன் நெடுஞ்சேந்தன். அவரை மன்னிப்பதாகவோ, அவர்மேல் அன்பு பிறந்ததாகவோ தாங்கள் எண்ணிவிடல் வேண்டா. அழுக்காறு அப்படியே இருக்கிறது. மேலும் சற்றுப் பெருத்திருக்கிறது. ஆனால் என் பிழையால் அவர் நீங்கினால், அவர் குறையற்றவர் என்று இந்நகரம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கும். நானும் மனத்துள் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனோடு வாழ என்னால் ஆகாது. அவர் இருக்கையில் இருக்க வேண்டும். நான் அவர் முன் வரிசையில் அமர்ந்து, ஒரு குறையேனும் நேர்மையாகக் கண்டுபிடிக்க வேண்டும். அரசியார் போர்த்திய பட்டைப் பேழையில் வைத்துப் பூட்டி, திறவுகோலை இவ்வோலையோடு கட்டி அனுப்பியுள்ளேன். பருத்தி உடுத்தே சாலைக்குச் செல்வேன். வளையின் அளவை அழிசி நூலால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எடுக்கும்போது, "இந்தத் தடவை தப்பிச்சுக்க முடியாதுங்க" என்றான். அவன் வாக்கியத்தில் எழுவாய் இல்லை. பொருள் தெளிவாகவே இருந்தது.

என் ஓலையில் எழுத்தும் சொல்லும் வழுவாமல், என் கையால் எழுதி, என் மோதிர முத்திரை பதித்தேன். நாடு நிலைக்க, கோல் கோடாதிருக்க, குன்றின் கம்பி அறாதிருக்க.

எழினியாதனாரே, தங்கள் மேசைமேல் கிடக்கும் அந்த நீக்க ஆணையை, இலச்சினை மெழுகு உருகுவதற்கு முன், தங்கள் கையாலேயே இரண்டாய்க் கிழியுங்கள். புயல்பொறிக்குப் புதுப் பலகை வருவிக்கும் ஓலையை இன்றே எழுதுங்கள். அதில், கெடுத்தவன் பெயர் எழுதும் இடத்தில், என் பெயரை முழுமையாக, ஒரு புள்ளியும் விடாமல் எழுதுங்கள்.