சேரிக்கு மிஞ்சிய அம்மைப்பால்

1911 மார்ச் 6, திங்கள்
மாசி வெயிலில் அம்மை குத்த ஆற்றங்கரை ஊருக்குப் போனேன். முதலில் பிள்ளைமார் தெரு, பிறகு கோனார் தெரு, கடைசியில் சேரி. கிராம முன்சீப் பூதலிங்கம் பிள்ளை போட்ட வரிசை. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர்களும் இப்படியே நடந்தார்கள். சேரிக்குள் நுழையும்போது மணி இரண்டு. ஊசியில் தொட்டுக் குத்தும் அம்மைப்பால் சூடாகாமலிருக்கக் குப்பியைச் சுற்றிய ஈரத்துணி எப்போதோ காய்ந்துவிட்டது. இருபத்துமூன்று பிள்ளைகளுக்குக் குத்தினேன். தங்கத்தாய் தன் மூத்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எம்புள்ளைக்கு அம்மை வராதுல்லா, ஐயா?" என்றாள். வராது என்றேன்.

மார்ச் 13
எட்டாம் நாள் சோதனை. மேல்தெருக்களில் எல்லாக் கையிலும் கொப்புளம், பலித்ததற்கு அடையாளம். சேரியில் இருபத்துமூன்றில் ஒன்றுகூட இல்லை. வெயிலில் செத்த பாலைக் குத்தியிருக்கிறேன்! இத்தனை வருஷமும் இப்படித்தானா?

மார்ச் 14
மேலதிகாரியிடம் புதுக் குப்பி கேட்டேன். "அடுத்த மாசம் பார்க்கலாம். பலித்தது என்று எழுதிவையும்" என்றார். முடியாது. 'பலிக்கவில்லை, 23' என்று பதிவேட்டில் அழுத்தி எழுதினேன். காகிதம் கிழிந்தது.

ஏப்ரல் 3
சேரியில் அம்மை கண்டிருக்கிறது. தங்கத்தாய் மகளுக்கும்.

ஏப்ரல் 9, ஞாயிறு
அந்தப் பிள்ளை போய்விட்டது.
"வராதுன்னு சொன்னியளே, ஐயா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். என்ன சொல்ல? வெயில் என்றா? வரிசை போட்டவர் முன்சீப் என்றா? நடந்த கால் யாருடையது? வேதக்கோயில் ஆராதனையில் இன்று எனக்குப் பாட்டே வரவில்லை.

ஏப்ரல் 12
புதுக் குப்பிகள் வந்தன, ஒரு பகுதிதான். விடியும்போதே சேரியில் இருந்தேன். கைக்குழந்தையோடு முதலில் வந்தவள் தங்கத்தாய். நான் தலை நிமிரவில்லை.
பிறகு முன்சீப் வீடு. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் பேரனுக்கு இன்னும் குத்தவில்லை. "சேரியில தொட்ட ஊசி எம் பேரன் மேல படணுமா வே? இங்கனதான் மொதல்ல வரணும்" என்றார். ஊசியை நெருப்பில் சுட்டுக் காட்டினேன். கதவைச் சாத்தினார். என்னை மாற்றச் சொல்லி மேலே எழுதுகிறாராம். எழுதட்டுமே! பால் கன்றுக்குட்டியிலிருந்து எடுத்தது. அதற்கு எந்தத் தெரு?

ஏப்ரல் 19
கோனார் தெருவிலும் அம்மை. மீதிக் குப்பி வந்ததும் முன்சீப் ஆள் அனுப்பினார், நாளை முதலில் அவர் வீடாம். சேரியில் அன்று வயலுக்குப் போய் விட்டுப்போன ஒன்பது பிள்ளைகளை முடித்துவிட்டு வருகிறேன், அவசரமானால் அங்கே வரலாம் என்று சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 20
முன்சீப்பின் மனைவி பார்வதியம்மாள் பேரனைத் தூக்கிக்கொண்டு சேரி வேப்பமரத்தடிக்கே வந்துவிட்டாள். "அவுகளுக்குத் தெரியாது. வெரசா போடுங்க, தம்பி."
முன்னால் ஏழு பேர் நின்றார்கள். "நில்லுங்கம்மா" என்றேன். நின்றாள். மணி ஏழுகூட ஆகவில்லை. துணி ஈரமாகவே இருந்தது.

ஏப்ரல் 27
சேரியில் எல்லாக் கையும் பலித்திருக்கிறது. பேரன் கையும். முன்சீப் அதைக் குனிந்து பார்த்தார்.
மாற்றல் உத்தரவு வந்தாயிற்று, உவரிக்கு. அடுத்து வருகிறவருக்காகப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் தெரு வரிசையை எழுதினேன்: முதலில் சேரி. முன்சீப்பிடம் நீட்டினேன். பேரன் கையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.
புறப்படும்போது அதைத் தங்கத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.
"இதெ மாசியிலயே எழுதியிருக்கக் கூடாதாய்யா?" என்றாள்.