அண்ணன் குரலில் கசிந்த டிரம்ஸ்

ஜூன் 3

மதிப்பிற்குரிய டிரம்மர் அவர்களுக்கு,

முதலில், இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். உள்ளே அரமோ ரம்பமோ இல்லை. என் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், பார்த்துப் பிடிக்கவும்.

இங்கு நலம் என்று எழுதினால் பொய். அங்கு நலமா என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பாடகரின் தங்கை. 'ஈரத் தீப்பெட்டி' என்ற மகத்தான ராக் குழு ஒரு காலி மரச்சாமான் கிடங்கில் ஒத்திகை பார்த்தபோது உங்கள் டீயில் உப்புப் போட்டவள். நீங்கள் மறந்திருந்தாலும் உங்கள் நாக்கு மறந்திருக்காது.

அண்ணன் போனபிறகு அந்த ஆல்பத்தை யாரும் தொடவில்லை. இப்போது கம்பி அண்ணா (கிதாரைத் தூசி தட்டிவிட்டார்) அதை முடிக்க வேண்டும் என்கிறார். ஒலிப்பதிவாளர் காது மாமாவும் சரி என்றுவிட்டார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என் பையன் பாட்டு வரட்டும். ஆனா வண்டிய ஓட்டினவன் சத்தம் அதுல துளிகூட இருக்கக்கூடாது."

அம்மா பாட்டுக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பட்டப்பகலில், வேனை ஓட்டும்போது, நீங்கள் கண் அசந்தீர்கள். மரம் அண்ணன் பக்கம் இருந்தது. கோர்ட்டில் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டீர்கள். திட்டுவதற்குக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

நீங்கள் வாசித்ததை எடுத்துவிட்டு வேறு ஆளை வைத்து வாசிக்கப் போகிறார்கள். உங்கள் சம்மதம் ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாடகரின் தங்கை

*

ஜூன் 15

அன்புள்ள கொசுவுக்கு,

சம்மதம். எடுத்துவிடச் சொல். இந்த ஒரு வரி போதும் என்றாய்; மீதி நானாக எழுதுவது.

எனக்கு 'நீங்கள்' போட்டிருக்கிறாய். நீதிபதிகூட அவ்வளவு மரியாதை காட்டவில்லை. காரணம் புரிகிறது. ஆனால் எனக்கு உன்னைக் கொசு என்றுதான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள். ஒத்திகையில் காதோரம் வந்து ரீங்காரம் போட்டது நீதானே.

சலவைக்கூடத்தில் வேலை. துணி மடிப்பேன். நாள் முழுக்க எந்திரம் ஓடும், ஒரே தாளம். ஆனால் என் விரல் எதையும் தட்டுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, தானாக நின்றுவிட்டது. உன் ஞாபகம் மட்டும் ஒரு வழியில் வரும். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் இருக்கையைத் தடவிப் பார்க்கிறேன். குண்டூசி, பசை, ஈர ஸ்பாஞ்சு என்று நீ பழக்கிவிட்ட பழக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் என்னைச் சுத்தக்காரன் என்று நினைக்கிறார்கள்.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்டதாகவும் நினைக்காதே.

இடி

*

ஜூலை 20

டிரம்மர் அவர்களுக்கு,

உங்கள் சம்மதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புது டிரம்மர் வந்தார். தங்கமான மனுஷர், அதுதான் கஷ்டம். வெறுக்கக்கூட வழி விடவில்லை. என் பையிலிருந்த மிளகாய்ப்பொடி மிட்டாயை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தேன்.

அவர் வாசித்தார். காது மாமா அதை அண்ணன் குரலோடு சேர்த்துப் போட்டார். இரண்டு டிரம்ஸ் கேட்டது. "பழசத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எப்படி?" என்றேன். மாமா நாற்காலியைத் திருப்பினார்.

"அவங்க எல்லாரும் ஒரே ரூம்ல நின்னு வாசிச்சாங்கம்மா. அன்னிக்கு உங்க அண்ணன் பாடினது சும்மா ட்ராக். மத்தவங்க வாசிக்கறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஒழுங்காப் பாடறது எல்லாம் ஊர்லேர்ந்து திரும்பி வந்தப்புறம்னு வச்சிருந்தோம்."

திரும்பி வரவில்லை. ஆகவே எங்களிடம் இருக்கும் அண்ணன் குரல் அந்த ஒன்றுதான். அண்ணன் முன்னால் இருந்த மைக்கிலேயே உங்கள் டிரம்ஸும் கசிந்து போய் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் இருக்கும் இடத்திலெல்லாம் நீங்கள் இருக்கிறீர்கள்.

கம்பி அண்ணா தானே பாடிப் பார்த்தார். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் காய்ந்த துணியை மறுபடி கொடியில் போட்டார்.

கடைசியில் அப்பாவே ஸ்டுடியோவுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு வேலை நாளில் அப்பா வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர்ல பிரிக்க முடியும்ங்கறாங்களே?" என்றார்.

மாமா பிரித்துக் காட்டினார். அண்ணன் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது. இன்னும் கொஞ்சம் டிரம்ஸைக் குறைத்தார். இப்போது வேறொன்று காணாமல் போனது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது.

"மூச்சு விடற சத்தம் எங்க?"

"அதான் சார். டிரம்ஸ எடுத்தா மூச்சும் சேர்ந்து போயிடுது."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தார். "பழையபடி போடுங்க" என்றார். முழுப் பாட்டையும் கேட்டார். நடுவில் நான் உள்ளே நுழைந்ததற்கு அண்ணன், "கொசு, கதவைச் சாத்து" என்று கத்துவதும் அதில் இருக்கிறது. அதற்கு அப்பா திரும்பி நிஜக் கதவைப் பார்த்தார்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னார்: "அப்படியே விட்டுடுங்க. ஆனா அவன் பேரு எங்கயும் வரக்கூடாது."

ஆகவே நீங்கள் இருக்கிறீர்கள், பேர் இல்லாமல். இதைத் தெரிவிக்கவே எழுதினேன்.

பாடகரின் தங்கை

*

ஆகஸ்ட் 1

கொசுவுக்கு,

பேர் வேண்டாம் என்று அப்பா சொன்னது சரி. நான் இருப்பதே அதிகம். எதற்கும் அவரை இன்னொரு முறை யோசிக்கச் சொல். அந்தச் சத்தத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சாப்பிடுவார்?

மூச்சு ஏன் போகிறது என்று காது மாமாவுக்குச் சொல்லிவிடு. உன் அண்ணன் பாடும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் குச்சியைத் தூக்கும்வரை காத்திருந்து, அடி விழும் அதே நொடியில் மூச்சை இழுப்பான். ஏன்டா என்று கேட்டதற்கு, "நீ அடிக்கற சத்தத்துல ஒளிஞ்சுக்கலாம்ல, எனக்கு மூச்சு வாங்கறது யாருக்கும் தெரியாது" என்றான். ஒளிந்துகொண்டது இப்போது மாட்டிக்கொண்டுவிட்டது.

இடி

*

நவம்பர் 27

டிரம்மருக்கு,

அதிகாரி ஐயா, உறையில் இருக்கும் தட்டு ஆல்பம். சாப்பிடும் தட்டு இல்லை. கேட்டுவிட்டு உள்ளே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் வெளியே நாலு பேருக்குச் சொல்லுங்கள், எங்களுக்கு ஆள் தேவை.

ஆல்பத்துக்குப் பேர் 'கதவைச் சாத்து'. கம்பி அண்ணா வைத்தது. வெளியான புதிதில் கேட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். பெரியப்பா போன் செய்து, "பாட்டு அருமை, எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். பாதி ஆல்பம் ஓடியிருந்தது.

பிறகு ஒரு விமர்சகர் எழுதினார். 'கதவைச் சாத்து என்ற அந்த அலறல் தனிமையில் புழுங்கும் ஒரு தலைமுறையின் குரல்' என்று. அது ஏ.சி. வீணாகிறதே என்ற அலறல். கடிதம் போட்டு அவருக்கு உண்மையைச் சொல்லலாமா என்று பார்த்தேன், பாவம், விட்டுவிட்டேன். இன்னொருவர், 'குரலைச் சரியாகப் பதிவு செய்யக்கூடத் தெரியாத குழு, டிரம்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் வழிகிறது' என்று கிழித்தார். காது மாமா அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

மூன்றாவது ஆள்தான் வம்பு. 'பேர் போடாத அந்த டிரம்மர் பாடகரைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறார்' என்று எழுதிவிட்டார். அப்பா அந்தப் பேப்பரைப் படித்தார். மடித்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் உப்பு கேட்கவில்லை. உப்பு இல்லாமல்தான் இருந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது நிறையக் கேட்கிறார்கள். என் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், நான் அந்த 'கொசு' என்று தெரியாமல், அந்தக் கத்தலை எனக்கே நடித்துக் காட்டினான். நான் கைதட்டினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அம்மா விடைத்தாள் திருத்தும்போது ஆல்பத்தை ஓடவிடுகிறார். அந்த வகுப்பில் இப்போது எல்லாருக்கும் மார்க் கூடுதலாம்.

நான் எழுதுவதை அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. நேற்றுக் கடையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கடைசிப் பாட்டு முடிவுல அவன் சிரிக்கிறானே. எதுக்குச் சிரிக்கிறான்?"

"தெரியலப்பா."

"கம்பிகிட்ட கேட்டேன். அந்தப் பாட்டுல இல்லையாம், வெளிய போயிட்டானாம். ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு உக்காந்திருந்தாராம், ஒண்ணும் பாக்கலையாம்." கொஞ்ச நேரம் ஒரு பிரேமைத் திருகினார். "கேட்டா அவன் சொல்வானா?"

இரண்டு 'அவன்'. முதல் அவன் அண்ணன். இரண்டாவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் அன்று பள்ளிப் பரீட்சையில் இருந்தேன். அந்த அறையில் இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான். அதனால் கேட்கிறேன். அப்பாவுக்காக.

தங்கை

*

டிசம்பர் 10

அன்புள்ள கொசுவுக்கு,

நூலக அறையில் இங்குள்ள ஆசிரியர் ஆல்பத்தைப் போட்டார். மூன்றாவது பாட்டுக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் நீ கேட்கும் சிரிப்பு எது என்று கேட்காமலே தெரியும்.

பாட்டு முடியும்போது நான் பெரிய தாளத்தட்டில் கடைசி அடி அடிப்பேன். அது அடங்க நேரமாகும். அது முழுக்க அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது, மூச்சுகூடச் சத்தமாக விடக் கூடாது, மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும். அப்படி நாங்கள் இரண்டு பேரும் சிலைபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு முதுகு வலி. மெதுவாகப் பின்னால் சாய்ந்தேன்.

எனக்குக் கீழே 'கீச்' என்று ஒரு சத்தம்.

அசையவில்லை. மறுபடி சரியாக உட்காரப் பார்த்தேன். மறுபடி 'கீச்'. உன் அண்ணன் உதட்டைக் கடித்தான், கண்ணை மூடினான், முடியவில்லை, வெடித்துவிட்டான். இருக்கை உறையைப் பிரித்தால் உள்ளே ரப்பர் வாத்து. முந்தின நாள் நீ வைத்துத் தைத்தது. பாட்டு முழுக்க டிரம்ஸ் சத்தத்தில் அது கேட்கவே இல்லை.

"பரீட்சை முடிஞ்சு வரட்டும், அவகிட்ட வாத்தப் பத்திப் பேசவே கூடாது, வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரியாம தவிக்கட்டும்" என்றான். மறுநாள் கிளம்பினோம். அதனால்தான் உனக்குத் தெரியாமல் போனது.

அவன் சிரித்தது உன்னால். அப்பாவிடம் அப்படியே சொல்.

இடி

*

டிசம்பர் 22

இடி அண்ணா,

சாப்பிடும்போது சொன்னேன். வாத்து என்றதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. அப்பா கை கழுவ எழுந்து போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

வந்து, "அதப் போடு" என்றார்.

மூன்று பேரும் கேட்டோம். உன் கடைசி அடி, தட்டு அடங்கி அடங்கி ஓய்கிறது, அதன் அடியில், தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கீச். பிறகு அண்ணன். நான் இத்தனை நாளும் அந்த வாத்து சொதப்பிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அப்பா மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை சிரிப்பு வருவதற்கு முன்பே அவர் முகம் தயாராகிவிட்டது.

உன் பேரை அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் சொல்ல முடியாது, நீயும் எதிர்பார்க்காதே. ஆனால் தூங்கப் போகும்போது அம்மாவிடம், "அந்த டிரம்ஸ் வாசிச்ச பையன் முழுசாக் கேக்கலையாம், பாதியில எழுந்துட்டானாம்" என்றார். இதுவரை நீ 'வண்டிய ஓட்டினவன்'. கவனி.

அதனால் கடைசிவரை கேள். ஆசிரியரிடம் சொல்லி மறுபடி போடச் சொல். உட்காருமுன் இருக்கையைத் தடவிப் பார்க்க வேண்டாம். இந்தத் தடவை நான் ஒன்றும் வைக்கவில்லை.

கொசு