நாலாவது கியர்

ஜூன் 2
தம்பி வாலு ராணுவப் பயிற்சி முகாமிலிருந்து போன் பண்ணினான். சண்டை முற்றிக்கொண்டே போகிறது, அடுத்த மாதம் எல்லைக்கு அனுப்பிவிடுவார்களாம். "அக்கா, உன் சமையலையே தின்னு பொழைச்சவன் நான். குண்டெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?" என்கிறான், கழுதை. மருந்துக்கடையில் ஆட்கள் முன்னால் சிரித்துத் தொலைத்தேன். முதலாளி முறைத்தார்.

ஜூன் 9
மழை. அம்மாவுக்கு மூட்டுவலி. வேறொன்றுமில்லை.

ஜூன் 14
தம்பி இல்லை.
எழுதிப் பார்த்தால் நம்புவேனோ என்று எழுதினேன். நம்ப முடியலை.

ஜூன் 20
இன்றுதான் ஓர் அதிகாரி வந்து விவரம் சொன்னார். ராத்திரியில் விளக்குப் போடாமல் மலைச்சாலையில் லாரி ஓட்டப் பழகினார்களாம். இறக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த வாலு மட்டும்... ஓட்டியவன் பிழைத்துவிட்டான். முகாமில் வாலுவுக்கு அடுத்த கட்டில்காரன், வாலு வயசுதான். எதிரியை ஒருநாள்கூடப் பார்க்கலையே என் தம்பி! நான் யாரைத் திட்டுவது? அந்த டிரைவர் பையனைத்தான் திட்டுகிறேன், வாயில் வந்தபடி.

அப்பா லாரி மெக்கானிக். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த கியர்ல இறங்கினானாம்?" அதிகாரிக்குத் தெரியவில்லை.

ஜூலை 6
டிரைவர் பையன் வீட்டுக்கே வந்துவிட்டான். நெற்றியில் தையல். நாளை மறுநாள் எல்லைக்குப் போகிறானாம், அங்கேயும் லாரிதான்.

"அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்றான். அப்பாதான் "உள்ள வாப்பா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எந்த கியர்?"

"நாலுங்கய்யா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். திடீர்னு பிடிக்கல. என்னாலதானேய்யா?"

ஆமான்னு சொல்லுங்கப்பா, சொல்லித் தொலைங்க! மனசு அப்படித்தான் கத்தியது.

அப்பா அவன் நெற்றித் தையலைப் பார்த்தார். "பிரேக் தேஞ்சுபோன வண்டிப்பா அது. நான் ஓட்டியிருந்தாலும் கவுந்திருக்கும். ஆனா இனிமே இறக்கம்னா ரெண்டுலயே வா, என்ன?"

பையன் அப்பா மடியில் முகத்தை வைத்து அழுதான். அப்பா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவன் போனதும் கேட்டேன். "நெஜமாவே பிரேக் தேஞ்சுதான் போச்சாப்பா?"

"நாலுல இறக்கினா புது பிரேக்கும் காந்திடும்மா. ரெண்டுல வந்திருந்தா இன்ஜினே வண்டியைப் பிடிச்சிருக்கும், நம்ம புள்ள இருந்திருப்பான்."

"அப்புறம் ஏம்ப்பா—"

"அவன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்ல. கை நடுங்கினா, பின்னாடி உக்காந்திருக்கற புள்ளைங்க கதி?"

சமையலறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஜூலை 30
கடையில் யாருக்கோ மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். முதலாளி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19
எல்லையிலிருந்து போன், டிரைவர் பையன்தான். அப்பா எடுத்தார். ரோடு, டயர், டீசல் என்று ஏதேதோ பேசினார். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"அதுக்குள்ள வச்சிட்டீங்களா? என்கிட்ட குடுத்தா என்ன? ராத்திரில தூங்கறானான்னு கேட்டிருப்பேன்ல!"