ஒன்பதாம் மாடி ஜன்னலுக்குத் தைத்த திரை

என் சின்னவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. உன் அக்கா மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். கடையில் பழைய தையல் மெஷினின் பெல்ட் மறுபடி அறுந்துபோய், என்னவோ நான்தான் கடித்து அறுத்த மாதிரி அப்பா என்மேல் எரிந்து விழுந்தார். சரி, நீ இதையெல்லாம் தாண்டித் தாண்டித்தான் படிப்பாய், வீட்டைப் பார்த்தீர்களா, என்ன முடிவு என்பதுதானே உனக்கு வேண்டும், சொல்கிறேன், ஆனால் என் வழியில்தான் சொல்வேன்.

நீங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்த அந்த ஒன்பதாம் மாடி வீட்டுக்குக் குடிபோகச் சம்மதித்தால்தான் கையெழுத்துப் போடுவேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வீடு வேறு கைக்குப் போய்விடும் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அன்றைக்கே அப்பா வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். உன்னிடம் சொல்ல மனம் வராமல் என்னிடம் புலம்பித் தீர்த்தார். மகள் சம்பாத்தியத்தில் தண்ணீரை வேடிக்கை பார்த்து உட்கார நான் என்ன ஜமீன்தாரா, கடையை விட்டால் யாருக்குத் திரை தைப்பேன் என்றார். எனக்கோ கொள்ளை ஆசை. இந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தே என் கண் போயிற்று. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். போய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஜன்னல், வெயில் உள்ளே கொட்டும், ஆகாது என்று ஒரு குறை சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். அப்படிப்பட்டவர், நீ அனுப்பிய வரைபடத்தில் கூடத்து ஜன்னலின் அளவைப் பார்த்து, உள்ளே கனத்த துணி கொடுத்து ஒரு பெரிய திரையைத் தைத்து மடித்து வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிற வீட்டுக்குத் திரை எதற்கு என்று கேட்டேன். இத்தனை பெரிய ஜன்னலுக்கு ஆயுசில் ஒரு தடவையாவது தைத்துப் பார்க்க வேண்டாமா என்றார். இந்த மனிதரோடு நான் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று நீயே நினைத்துப் பார்.

நேற்று அந்தத் திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போனோம். லிப்டில் எனக்குக் காது அடைத்துவிட்டது. வீட்டைக் காட்ட வந்த பெண் கதவைத் திறந்துவிட்டு, ஏதோ போன் வந்ததென்று வெளியே போய்விட்டாள். உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை, ஒரே மங்கல். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நீ போனில் சொல்லியிருந்தும், அந்தக் காகிதத்துக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஜன்னல் என்றால் கம்பி, வளையம், அகலம், உயரம் என்றே பார்த்த கண்கள் அல்லவா. மேலே கம்பி தயாராக இருந்தது, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் பிடித்துத் திரையை மாட்டி, மடிப்பைச் சரிசெய்து, பின்னால் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த பெண் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெளியே பார்த்தீர்களா என்று கேட்டாள். காகிதத்தில் என்ன பார்ப்பது என்றார் அப்பா. அது பெயிண்ட் படாமல் இருக்க ஒட்டியது, உரித்துவிடுங்கள் என்றாள்.

நான் திரையை ஒதுக்கிப் பிடித்தேன், அவர் ஒரு மூலையிலிருந்து உரித்தார். முதலில் வெளிச்சம்தான் வந்தது, கண் கூசிப்போய் நின்றேன். பிறகு தண்ணீர். கீழே தண்ணீர், நேரே தண்ணீர், கண் போகிற மட்டும் தண்ணீர், அது எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறதென்று எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் வந்ததடி. நம் தெரு முழுசும் வீடு வாசலோடு கிளம்பிப் போகிற மாதிரி, சத்தமே இல்லாமல் ஜன்னலின் இந்த ஓரத்தில் நுழைந்து, மெதுவாக, மெதுவாக அந்த ஓரத்துக்குப் போயிற்று. மேல்தட்டில் ஒரு ஆள் துணி உலர்த்துவதுகூடத் தெரிந்தது. இவ்வளவு பெரிதாக ஒன்று இந்த ஊரிலேயே இத்தனை காலமும் இருந்திருக்கிறது, நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா, வாய் ஓயாத அப்பா, டேப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். என்ன, அளக்கவில்லையா என்று சீண்டினேன். "எதை அளக்கறது" என்றார். பிறகு, முழங்கால் மடங்காது என்று நாற்காலியை விட்டு இறங்காத மனிதர், வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கப்பல் போன பிறகும் எழவில்லை. அந்தப் பெண்ணும் பாவம், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

ஒருவழியாக எழுந்து, தானே திரையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே, "இந்த ஜன்னலுக்குத் திரை வேண்டாம்னு அவளுக்கு எழுதிடு" என்றார். ஜன்னலே இல்லாத சுவருக்குக்கூட அழகுக்கு என்று திரை விற்றவர், எந்த வீட்டுக்காரரிடமும் சொல்லாத வார்த்தை இது. பஸ்ஸில் வரும்போதே, மெஷினை அந்த ஜன்னலோரம் போடலாம், அந்தக் கட்டடத்தில் தெருப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எப்படியும் திரை வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். ஆக, கையெழுத்தைப் போடு கண்ணு. ஆனால் காகிதங்களை வரி விடாமல் படித்துவிட்டுப் போடு, கரண்டு போனால் லிப்ட் ஓடுமா என்று கேட்டு வை, இவர் காலோடு ஒன்பது மாடி ஏற முடியாது.

நீ நினைத்ததெல்லாம் குறைவில்லாமல் நடக்க வேண்டும், நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும். எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதே, வேலை பார்க்கும் ஊரில் உன் அறையில் ராத்திரியெல்லாம் தெருவிளக்கு முகத்தில் அடிக்கிறது, தூக்கமே இல்லை என்று சொன்னாயே, இந்தத் திரையை வெட்டி உனக்கு அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. உன் ஜன்னல் அளவை எடுத்து அனுப்பு. அளக்கும் முன் ஒரு தடவை நன்றாக வெளியே பார்த்துக்கொள்.

உன் பிரியமுள்ள,
அம்மா