மரத்துப்போன பாதம்

கள்ளிக்குப்பம், வைகாசி, செவ்வாய் இரவு.

தம்பி சேகரை இன்று ஊசிக்கு அழைத்துப் போனேன். எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு வாரம் ஒரு ஊசி. செருப்பைக் கழற்றச் சொன்ன டாக்டர், அவன் உள்ளங்காலைப் பார்த்து நிமிர்ந்தார். இரண்டிலும் கொப்புளம். ஞாயிறு மதியம் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியிருக்கிறான். கல் சுட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா மரத்துப்போச்சு?"

"ஒரு மாசமா இப்டிதான் கீது டாக்டர். மருந்து வேலை செய்யுதுன்னு இருந்துட்டேன். அக்காதான் சொல்லிச்சு."

நான் சொன்னது வேறு. ஒரு செல் இரண்டாகப் பிரிந்து பெருகவேண்டுமானால், அதைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கும் புரதத்துக்கு முதலில் அடையாளம் குத்தி, உடைத்துப் போடவேண்டும். செல்லுக்குள் அப்படி உடைக்கும் இயந்திரத்தை இந்த ஊசி அடைக்கிறது. புற்றுச்செல் திணறிச் சாகிறது. ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவனுக்குப் புரியட்டும் என்று, கழித்த பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டி ஸ்கிராப்புக்கு அனுப்புவதை உதாரணம் சொன்னேன். ஸ்கிராப் தேங்கினால் மொத்த லைனும் நிற்கும் என்றேன். கால் மரத்ததும் புற்றின் லைன் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். நரம்புக்கும் அதே இயந்திரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

நரம்பு தேறும்வரை ஊசி வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

ஆட்டோவில் சேகர் கேட்டான்.

"அப்போ அந்த மிஷின் மறுபடி ஓடுமா அக்கா?"

"ஓடும்."

"செல்லும் பிரிஞ்சிகினே இருக்குமா?"

வழக்கமாக எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பேன். அம்பத்தூர் எஸ்டேட் தாண்டும்வரை அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னான்.

"நீ பேசாம வந்தாதான் அக்கா பயமா கீது."