கார்மலை அட்டைகள் வெள்ளளத்து வாயிலுக்கு வந்த செய்தி

உப்பு விளைக. அலை ஓயாதிருக்க. அளம் கிளறும் கைகள் தளராதிருக்க.

தென்கடல் துறைகள் அனைத்துக்கும் உடையவரும், நாள்தோறும் விடியலில் கடல்நீராடி அதன்பின்னரே முடி தரிப்பவரும், எதிரியின் வாளுக்கு அஞ்சாதவரும், ஆனால் கடந்த ஓராண்டாக இடக்காலின் அரிப்புக்கு அஞ்சி உறக்கம் துறந்திருந்தவருமாகிய வெள்ளளத்துப் பெருந்தேவியார் நெய்தலங்கோதையார் திருவாய்மொழிந்தபடி, அவர்தம் ஓலைநாயகம் எழுதிய ஓலை. மேகங்கள் குடிக்கூலி கொடாமல் தங்கிச் செல்லும் மலைகளுக்கு உடையவராகிய கார்மலைக் கோமான் நெடும்பொறையர் திருமுன் காண்க. தங்கள் சுனைகள் நிறைக. தங்கள் தினை முற்றுக. தங்கள் யானைகள் தினைப்புனம் தவிர்த்து வேறெங்கும் மேய்க.

தாங்கள் அனுப்பிய தூதர் காரிநாகனார் நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. இனி வரும் வரிகளை வாசிக்கையில் தங்களுக்கு அதில் ஐயம் எழக்கூடும்.

அவர் எதற்காக மலையிறங்கினார் என்பது தாங்கள் அறியாததன்று. போன கார்காலத்தில் தங்கள் நாட்டுச் சுமைகாரர் எங்கள் உப்பை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு போகையில், எல்லைச் சாவடி தாண்டியதும் ஒரு பிடி எடுத்துத் தம் கால்களில் தேய்த்துக்கொண்டதை எங்கள் வாயில்நாயகர் உவர்க்கொற்றனார் தம் கண்ணாரக் கண்டார். எங்கள் நாட்டில் உப்பு தாய். தாயைக் காலில் தேய்ப்பவனுக்கு உப்பு எதற்கு என்று அவர் அரசவையில் முழங்க, மலைவழி அன்றே அடைக்கப்பட்டது. அதுமுதல் கார்மலையில் செடிச் சாம்பலைக் கரைத்து உலைவைக்கிறார்கள் என்றும், மாடுகள் மனிதரின் வியர்த்த முதுகை நக்கத் துரத்துகின்றன என்றும் காரிநாகனார் சொன்னார். அவருடைய மனையாளோ, உப்பில்லாமல் திரும்பினால் வாசலோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லித்தான் அவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாராம். மழை இறங்கிவிட்டால் மலைவழியில் வண்டி ஏறாது. ஆகவே மழைக்கு முன் வழி திறக்கவேண்டும்; அல்லது இன்னோர் ஆண்டு சாம்பல் சோறு.

வெறுங்கையோடு போய்க் கேட்டால் எதுவும் பெயராது என்பது சந்தையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எதிரில் இருப்பவருக்கு எது வலிக்கிறதோ அதற்கு மருந்தைக் கொண்டுபோகிறவனே பேரம் பேசத் தெரிந்தவன். பெருந்தேவியாரின் கணுக்கால் கருத்துத் தடித்து, நரம்பு புடைத்து, கரப்பான் படர்ந்து நீர் கசிகிறதென்ற செய்தி மலைவரை எட்டியிருந்தது. எனவே காரிநாகனார் பொன் கொண்டுவரவில்லை, தந்தம் கொண்டுவரவில்லை. தாமரை பூத்த தெளிந்த சுனைகளில் பிடித்து, பட்டினி போட்டு, பசி ஏறி நிற்கும் பச்சை முதுகு அட்டைகளை மூன்று குடத்தில் கொண்டுவந்தார். அவற்றின் முதுகில் மஞ்சள் கோடு பட்டுப்புடவைக் கரையைப்போல் இருந்தது.

இரண்டு குடங்களை வாயிலில் இறக்கினார். மூன்றாவதைத் தம் வண்டியில் வைக்கோலுக்கடியிலேயே விட்டுவைத்தார். சரக்கு முழுவதையும் ஒரே நேரத்தில் விரித்துக் காட்டும் வணிகனை அவர் இதுவரை பார்த்ததில்லை என்று பின்னர் விளக்கம் சொன்னார்.

அன்று வாயிலில் இருந்தவர் அதே உவர்க்கொற்றனார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறை தவறாதவர், முறை தவிர வேறொன்றும் அறியாதவர். குடத்தில் என்ன என்று கேட்டார். பெருந்தேவியாருக்குப் பணிசெய்ய வந்த விருந்தினர் என்று காரிநாகனார் சற்று அலங்காரமாகச் சொல்லிவிட்டார். நாவில் தேன் தடவிப் பேசும் பழக்கம் அவரை அன்று ஒருமுறை கவிழ்த்தது. எங்கள் வாயிலுக்கு வரும் விருந்தினர் எவராயினும் உப்பு கொடுத்து வரவேற்பது மரபு. கொற்றனார் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து குறைவற அள்ளி, ஒவ்வொரு குடத்திலும் மனமுவந்து போட்டு, கைகூப்பி நின்றார்.

குடத்துக்குள் நடந்ததைத் தங்களைப்போன்ற மலைவேந்தருக்கு விவரிக்கத் தேவையில்லை. காரிநாகனார் எட்டிப் பார்த்தபோது விருந்தினர் எல்லாரும் சுருண்டு நுரைகக்கி அடியில் கிடந்தனர். அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போனதாம், ஓர் அட்டையின் உதவியும் இல்லாமல்.

வேறொருவர் என்றால் அங்கேயே அழுதிருப்பார், அல்லது சண்டை பிடித்திருப்பார். இவரோ, வரவேற்பு மிகச் சிறப்பு, விருந்தினர் நெகிழ்ந்துபோனார்கள் என்று கொற்றனாருக்கு நன்றி சொல்லிவிட்டு, வண்டியை நேரே அரண்மனைக்குள் ஓட்டச் செய்து, வைக்கோலுக்கடியில் இருந்த குடத்தைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அரண்மனை மருத்துவர் கண்ணந்தையார் நாடி பார்த்து, உடலில் இரத்தம் குறைவில்லை, அட்டை விடலாம் என்று ஒப்பினார். பெருந்தேவியார் கடல்நீராடி, முடி தரித்து, காலை நீட்டி அமர்ந்தார். அவை நிறைந்திருந்தது. காரிநாகனார் ஓர் அட்டையை எடுத்துக் கணுக்காலில் விட்டார். அது முகர்ந்தது, சுருங்கியது, உருண்டு கீழே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தலையை அப்புறம் திருப்பிக்கொண்டு மீண்டும் குடத்தின் பக்கமே நடந்தது. மலையின் அட்டைக்கே தேவியாரின் கால் பிடிக்கவில்லை, இது தீக்குறி என்று அவையின் பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். வழி திறப்பதிருக்கட்டும், தாம் அவ்வழியே திரும்பிப் போவோமா என்பதே தூதருக்கு ஐயமாகிவிட்டது.

பெருந்தேவியார் மட்டும் சிரித்தார். வாயிலில் நடந்ததை முன்னரே கேட்டறிந்திருந்தவர், நேற்று அங்கே எது அட்டைகளைக் கொன்றதோ, அது இன்று விடியலில் தம் காலில் பூசப்பட்டது என்று எடுத்துச் சொன்னார். கடல்நீராடிய உடலை நன்னீரால் கழுவுவது மரபுக்கு விரோதம் என்று கொற்றனார் இடைபுக, அவர் அருளிச்செய்தது இது:

"கொற்றனாரே, முடி சூடியது என் தலை. காலுக்கு யார் முடி சூட்டினார்கள்? கொண்டுவாரும் கிணற்று நீரை."

கால் மூன்று முறை கிணற்று நீரால் கழுவப்பட்டது. சந்தனம், புழுகு, தைலம் எதுவும் அதன்மேல் படக்கூடாதென்று காரிநாகனார் சேடியரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பின் அட்டையை விட்டார். அது பிடித்தது. கோமானே, எப்படிப் பிடித்தது! கொசுக்கடி போல் ஒரு சுருக்கென்றதும் பெருந்தேவியார் புருவம் உயர்த்தினார். அதன்பின் அவ்விடம் மரத்துப்போக, வலியே இல்லை என்று வியந்தார். கருத்த மேட்டைச் சுற்றி நான்கு அட்டைகள் வரிசையாக வாய்வைத்து, வயிறு பருத்து, நாவற்பழம்போல் ஆயின. அவற்றின் வாயருகே மஞ்சள்தூள் தொட்டதும் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடிவாயில் மூன்று கதிர்போன்ற சிறு வடு; அதிலிருந்து நெடுநேரம் இரத்தம் கசிந்தது. மருத்துவர் பதறினார். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, கெட்டதோடு கொஞ்சம் போகட்டும், பிறகு துணி கட்டலாம் என்று தூதர் அமைதிப்படுத்தினார். அட்டைகளை மஞ்சள்நீரில் விட்டுக் குடித்ததைக் கக்கச்செய்து, புதுநீரில் வேறாக வைத்தார். இவை இனிப் பெருந்தேவியாருக்கே, வேறெவர் உடம்பிலும் விடக்கூடாது என்று குடத்துக்குக் கறுப்பு நூல் கட்டினார்.

அன்றிரவு பெருந்தேவியார் ஓராண்டுக்குப் பின் சொறியாமல் உறங்கினார். அரண்மனை முழுவதும் கால்விரலில் நடந்தது.

சிலநாள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் விட, வீக்கம் வற்றியது, நீர்க்கசிவு நின்றது, அடுப்புக்கரி நிறமாயிருந்த தோல் புளியம்பழ நிறத்துக்கு இறங்கி, பின் தன் நிறத்துக்கே திரும்பத் தொடங்கியது. இதைக் கண்ட அந்தப்புரத்தில் எழுந்த ஆரவாரத்தை இந்த ஓலை தாங்காது. கன்னத்தில் பரு உடையவர், கண்ணுக்கடியில் கருவளையம் உடையவர், ஒன்றுமே இல்லாமல் இன்னும் கொஞ்சம் ஒளி வேண்டுபவர் என்று தூதரின் வாசலில் கூட்டம். விலை சொல்லாத பொருளுக்கு அவர்களே விலை ஏற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தலையாட்டிப் பரிசில் பெற்றுக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். ஆயினும், இது சந்தனக் குழம்பன்று, உயிருள்ள பல்; சோகை பிடித்தவருக்கும் சூலுற்றவருக்கும் ஆகாது; புண்ணுக்கும் தேங்கிய இரத்தத்துக்கும் இது மருந்து, நல்ல கன்னத்தில் வடுதான் மிஞ்சும் என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். பேரத்தில் பொய் சொல்லாத இடம் எது என்று அறிந்தவர்.

ஆனால் வழி இன்னும் திறக்கவில்லை. கால் ஆறுகிறது, மகிழ்ச்சி, உப்பைக் காலில் தேய்த்த வழக்கு வேறு என்று கொற்றனார் கல்லாய் நின்றார். மேற்கே மேகம் திரண்டது. தூதர் நாள்தோறும் உப்பரிகையிலிருந்து அதைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார்.

இறுதி நாள் வந்தது. ஒரே ஓர் இடம் மீதமிருந்தது. கடைசி அட்டையைக் காரிநாகனார் விட்டார். கால் ஆறிய களிப்பில் மருத்துவர் துள்ளி எழ, அவர் முழங்கை பட்டு மஞ்சள்தட்டு நீர்க்கிண்ணத்தில் கவிழ்ந்தது. அந்தச் சலசலப்பில் அட்டை வைத்த இடத்தை விட்டுவிட்டு மேலே நடக்கத் தொடங்கியது. கெண்டைக்கால் தாண்டியது. முழங்கால் தாண்டியது. சேடியர் பிடிக்கப் போக வழுக்கிற்று. ஒருத்தி அலறி ஓடியே போனாள். மடைப்பள்ளியிலிருந்து வேறு மஞ்சள் வர மூன்று முற்றம் கடக்கவேண்டும். அட்டை பட்டின் மடிப்பை நெருங்கிவிட்டது.

என்ன செய்யவேண்டும் என்பது காரிநாகனாருக்குத் தெரியும். மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். அதைச் சொன்னால், எந்தக் குற்றத்துக்காக வழி அடைபட்டதோ அதே குற்றத்தை அரசியின் உடம்பிலேயே செய்யச் சொன்னவராவார். சொல்லாவிட்டால் பெருந்தேவியாரின் மானம். அவர் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"உப்பு" என்றார் பெருந்தேவியார்.

வெள்ளிக் கிண்ணம் கொற்றனாரின் கையிலேயே இருந்தது. அதை ஏந்தி நிற்பது அவர் பதவி. அவர் அசையவில்லை.

"தேவி, காலுக்கா?"

"தலைவரை ஏறட்டும், தலையில் போடலாம் என்று காத்திருக்கிறீரா?"

கொற்றனார் போட்டார். கிண்ணம் முழுவதையும் போட்டார். போட்டதோடு நில்லாமல், அவசரத்தில் முழங்காலிலிருந்து பாதம்வரை தேய்த்தும் விட்டார். அட்டை பொத்தென்று தரையில் விழுந்தது.

தூதர் தலையைக் குனிந்து தம் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசினால் கெட்டுவிடும் என்பது அவர் வளர்ந்த தெருவின் பாடம்.

"போன கார்காலத்து வழக்கை இன்னொருமுறை சொல்லும், கொற்றனாரே."

"மலைச் சுமைகாரர் காலில் உப்புத் தேய்த்தார்கள் என்று, தேவி."

"எதற்காம்?"

கொற்றனார் உப்பு அப்பிய தம் உள்ளங்கையைப் பார்த்தார். கீழே சுருண்டு கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"அதை நான் அன்று கேட்கவில்லை" என்றார்.

இதைச் சொல்ல அவர்போன்ற ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணி, பெருந்தேவியார் அவரைத் தண்டிக்கவில்லை. தாய் காலைத் தொட்டால் பிள்ளைக்குப் பாவமில்லை, தாய்தானே எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, அவை காண, பிறர் கையைப் பற்றாமல், அந்தக் காலாலேயே அரியணை வரை நடந்தார். தங்கள் தூதர் அழுதார். மகிழ்ச்சியால்தான், இருப்பினும் கொஞ்சம் அதிகமாகவே அழுதார்.

ஆதலால் ஆணை இவ்வாறு. மலைவழி இன்றுமுதல் திறந்தது. உப்பை எடுத்துச் செல்வோர் அட்டைக்கு அஞ்சிக் கால்களில் தேய்த்துக்கொள்ளலாம். சாவடியில் எவரும் கேளார். ஆண்டுதோறும் தெளிந்த சுனையின் அட்டைகள் வெள்ளளத்து மருத்துவச்சாலைக்கு வருக. அவற்றோடு அவற்றை விடத் தெரிந்தவர் ஒருவரும் வருக. குடங்கள் வாயிலில் இறங்கும்போது, உவர்க்கொற்றனார் கைகூப்பி நன்னீர் மட்டும் தெளித்து வரவேற்பார் என்பது அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பணி. இதை மாற்றுவோர் எங்கள் நாட்டு உப்பை உண்ண உரிமை இழப்பர்.

பெருந்தேவியார் இடக்கால் ஊன்றி நின்று தம் கையால் முத்திரை இட்டருளினார். ஓலை நடந்து வரும் ஆளின் கையில் வருகிறது. வண்டிகளோ, மழையை முந்தவேண்டும் என்ற பதற்றத்தில், மை காயுமுன்னரே காரிநாகனாரை முன்வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டன. ஆகவே இதை வாசித்து முடிப்பதற்குள் அடிவாரத்தில் மாட்டுமணி கேட்டால், கோமான் வரிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் மூட்டைகளை இறக்கிக்கொள்க. முதல் மூட்டை காரிநாகனாரின் மனையாள் வாசலுக்குப் போகட்டும்.